கூடுதலாகக் கழித்த வரி யாருடைய பணம்?

வரி கொடுக்க வேண்டாம் என்று சொல்வதற்காக நாம் இதனை எழுதவில்லை. நாடு நடப்பதற்கு வரி வேண்டும். வருவாய் உள்ளவன் தன் பங்கைச் செலுத்த வேண்டும். அதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால், செலுத்த வேண்டிய அளவுக்கு மேல் ஒரு சதம் கழிக்கப்பட்டாலும், அந்தச் சதம் அரசாங்கத்துக்குச் சொந்தமானதன்று. அது உழைத்தவனுடைய பணம். தவறுதலாகக் கைமாறிய பணத்தை உரியவனிடம் சேர்ப்பது அரசாங்கம் காட்டும் கருணையன்று, அதன் கடமை. திருகோணமலைத் துறைமுகத்திலும் அதனைச் சூழ்ந்த ஆலைகளிலும் அலுவலகங்களிலும் உழைக்கின்ற நம்மவர்கள் இந்த உண்மையை இன்னும் உணர்ந்தபாடில்லை. ‘அரசாங்கம் எடுத்தது போனதுதான்’ என்று பெருமூச்சு விட்டு இருந்துவிடுகிறார்கள். இந்த மனப்போக்கு மாற வேண்டும்.

சில ஆண்டுகளுக்குள் வருமான வரி எத்தனை முறை உருமாறியது என்பதை முதலில் நினைவுபடுத்திக் கொள்வோம். உழைக்கும்போதே செலுத்தும் வரி 2020 ஜனவரியில் நீக்கப்பட்டது. ஆண்டுக்கு 30 இலட்சம் ரூபா வரை வரியில்லை என்று அறிவித்தார்கள். வரியைக் குறைத்து வள்ளல்களானவர்களின் ஆட்சியிலேயே திறைசேரி வறண்டது. வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று 2022 ஏப்ரல் 12இல் இலங்கை உலகுக்கு அறிவிக்க நேர்ந்தது. அதன்பின் காற்று மறுபுறம் வீசியது. 2023 ஜனவரி முதல் வரியற்ற எல்லை 12 இலட்சமாகச் சுருங்கியது. முற்பணத் தனிநபர் வருமான வரி என்ற பெயரில் சம்பளத்திலிருந்து வரி கழிப்பது கட்டாயமாயிற்று. 2025 ஏப்ரல் முதல் அந்த எல்லை 18 இலட்சமாக உயர்த்தப்பட்டது. ஐந்தேகால் ஆண்டுகளில் எல்லை மூன்று முறை மாறினால், சம்பளப் பட்டியல் எழுதுகிற எழுதுவினைஞரும் தடுமாறுவார். சம்பளம் வாங்குகிற தொழிலாளியும் தடுமாறுவான். தவறுகள் முளைப்பதற்கு இதைவிட நல்ல நிலம் வேறு வேண்டுமா?

தவறு எங்ஙனம் நேர்கிறது என்பதைப் பார்ப்போம். வரியைக் கழிப்பவர் அரசாங்க உத்தியோகத்தர் அல்லர். சம்பளம் கொடுப்பவரே கழிக்கிறார். உள்நாட்டு இறைவரித் திணைக்களம் வெளியிட்டுள்ள அட்டவணைகள் அவர் முன்னே இருக்கின்றன. மாதச் சம்பளத்துக்கு ஓர் அட்டவணை. போனஸ் போன்று ஒரே தடவையில் கொடுக்கப்படும் தொகைக்கு வேறோர் அட்டவணை. இரண்டாவது வேலைக்கு இன்னோர் அட்டவணை. எந்த ஊழியருக்கு எந்த அட்டவணை பொருந்தும் என்று தீர்மானிப்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. அட்டவணை பிழைத்தால் கணக்குப் பிழைக்கும்; கணக்குப் பிழைத்தால் வீட்டு அடுப்பில் அது தெரியும்.

அட்டவணை சரியாக இருந்தும் கூடுதலாகக் கழிவதுண்டு. துறைமுக வேலையின் இயல்பு நமது வாசகர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கப்பல் வந்தால் இரவும் பகலும் வேலை. வராவிட்டால் அடிப்படைச் சம்பளம் மட்டும். மேலதிக நேரக் கொடுப்பனவு ஒரு மாதம் பெருகும், மறுமாதம் வற்றும். ஓர் உதாரணம் கொள்வோம். ஒரு தொழிலாளி ஆண்டில் ஒன்பது மாதங்கள் 1,30,000 ரூபா வீதமும், கப்பல்கள் நெருங்கி வந்த மூன்று மாதங்கள் 2,00,000 ரூபா வீதமும் பெறுகிறான். ஆண்டு முழுவதற்குமான வருவாய் 17,70,000 ரூபா. அது 18 இலட்சத்துக்கு உட்பட்டது. ஆகவே அவன் செலுத்த வேண்டிய வருமான வரி ஒன்றுமில்லை. ஆனால் மாத அட்டவணை மாதத்தை மட்டுமே பார்க்கிறது. 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கணக்கின்படி மாதம் 1,50,000 ரூபாவுக்கு மேற்பட்ட முதற் பகுதிக்கு 6 சதவீதம் கழிக்க வேண்டும். அந்த மூன்று மாதங்களிலும் மேற்பட்டது 50,000 ரூபா; கழிக்கப்பட்டது மாதம் 3,000 ரூபா; மூன்று மாதங்களுக்கும் 9,000 ரூபா. வரியே இல்லாத மனிதன் ஒன்பதாயிரம் ரூபா வரி செலுத்திவிட்டான்! இதில் எவரும் திருடவில்லை. எவரும் சட்டத்தை மீறவுமில்லை. எனினும் அவன் பணம் அவனிடத்தில் இல்லை.

இரண்டு இடங்களில் வேலை செய்பவரின் கதை இதனினும் சிக்கலானது. வரியற்ற எல்லையின் பயன் ஓரிடத்தில் மட்டுமே கொடுக்கப்படும். எது தமது பிரதான வேலை என்பதை ஊழியரே எழுதிக் கொடுக்க வேண்டும். ஓரிடத்தில் மாதம் ஓர் இலட்சமும் இன்னோரிடத்தில் மாலை வேளையில் நாற்பதாயிரமும் பெறுகிறவரை எடுத்துக் கொள்வோம். இரண்டும் சேர்ந்தாலும் மாதம் 1,40,000 ரூபாதான், வரி இல்லை. ஆனால் அந்த நாற்பதாயிரத்தில் 6 சதவீதம் கழிக்கப்பட்டாலே மாதம் 2,400 ரூபா, ஆண்டுக்கு 28,800 ரூபா அவர் கையைவிட்டுப் போகிறது. ஒரு குடும்பத்தின் பிள்ளைகளுக்கு ஓராண்டுக்கு வேண்டிய கொப்பியும் புத்தகமும் சீருடையும் அந்தப் பணத்தில் அடங்கிவிடும்.

ஓய்வுபெற்றோரின் வங்கி வட்டியையும் இங்கே மறந்துவிடலாகாது. வட்டியில் 5 சதவீதம் கழிக்கும் முறை 2023 ஜனவரியில் வந்தது. 2025 ஏப்ரலில் அது 10 சதவீதமாயிற்று. இருபது இலட்சம் ரூபா வைப்பிலிருந்து ஆண்டுக்கு 8 சதவீத வட்டி வருமானால் வட்டி 1,60,000 ரூபா. அதில் 16,000 ரூபா வங்கியிலேயே நின்றுவிடும். இங்கே அரசாங்கம் செய்த ஒரு நன்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆண்டு வருவாய் 18 இலட்சத்துக்கு மேற்படாதவர்கள், வரி செலுத்துநர் அடையாள இலக்கத்துடன் வங்கிக்குப் பிரகடனம் எழுதிக் கொடுத்தால் கழிவு நிறுத்தப்படும் என்ற ஏற்பாடு 2025இல் செய்யப்பட்டது. நல்ல ஏற்பாடு. ஆனால் இதை அறியாத மூத்தவர்கள் எத்தனை பேர்! மூதூரிலும் கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் உள்ள முதியோர் இச்செய்தியை எங்கிருந்து அறிவார்கள்?

கழிக்கப்பட்டதைத் திரும்பப் பெற வழியில்லையா என்றால், வழி உண்டு. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் மீளளிப்புக்கு இடமளிக்கிறது. வரியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. ஆண்டு முடிந்ததும், எவ்வளவு சம்பளம் கொடுத்தேன், எவ்வளவு வரி கழித்தேன் என்பதற்குச் சம்பளம் கொடுப்பவர் ரி.10 என்னும் சான்றிதழைத் தரவேண்டும். ஊழியர் தமது இலக்கத்தைக் கொண்டு, நவம்பர் 30க்குள் வருமான விபரத்திரட்டைச் சமர்ப்பித்து, கழிக்கப்பட்ட தொகையை அதிலே காட்டி, மிகையை மீளக் கோர வேண்டும். எழுத்தில் இது எளிது. நடைமுறையிலோ இலக்கம் வேண்டும், இணையவழி வேண்டும், வங்கி விபரம் வேண்டும், சான்றிதழ்கள் வேண்டும். இரவு வேலை முடித்து விடியலில் வீடு திரும்புகிறவன் ஒன்பதாயிரம் ரூபாவுக்காக இத்தனை படிகள் ஏறுவானா? ஏறமாட்டான் என்பதில்தான் அநீதி ஒளிந்திருக்கிறது.

இங்கே நாம் ஒரு கேள்வி கேட்கிறோம். சம்பளம் கொடுப்பவர் ஒவ்வோர் ஊழியருக்கும் கழித்த தொகையை ஆண்டுதோறும் திணைக்களத்துக்கு அறிவிக்கிறார். பதினெட்டு வயதைக் கடந்தவர்கள் வரிப்பதிவு செய்து இலக்கம் பெற வேண்டும் என்று 2024 முதல் அரசாங்கம் பணித்தது. ஆகவே உழைப்பவனின் இலக்கமும் அவன் சம்பளமும் அவனிடம் கழித்த வரியும் திணைக்களத்தின் கையிலேயே இருக்கின்றன. கூட்டிக் கழித்துப் பார்ப்பதற்கு அவனுடைய விண்ணப்பம் எதற்கு?

வேறு நாட்டில் செய்கிறார்களா என்று கேட்பவர்களுக்கும் விடை உண்டு. நம்மவர் பலர் குடியேறி வாழும் பிரித்தானியாவில் உழைக்கும்போதே செலுத்தும் வரிமுறை 1944இல் தொடங்கியது. அங்கே அட்டவணைக்குப் பதிலாக ஒவ்வோர் ஊழியருக்கும் ஒரு குறியீடு உண்டு. 1257 எல் என்றால், அவருக்கு ஆண்டில் 12,570 பவுண் வரை வரியில்லை என்று பொருள். வேலை மாறும்போது பழைய இடத்தின் பத்திரம் வந்து சேராவிட்டால் தற்காலிகக் குறியீடு போடப்படும்; குறியீடு பிழைத்து அதிக வரி கழிவது அங்கும் உண்டு. ஆனால் ஆண்டு முடிந்தபின் வரித் திணைக்களமே கணக்கைப் பார்த்து, ‘உம்மிடம் இவ்வளவு கூடுதலாகப் பெற்றுவிட்டோம்’ என்று பலருக்குக் கடிதம் அனுப்புகிறது. அது விடுபட்டாலும் நான்கு ஆண்டுகளுக்குள் கோரலாம். அந்த முறையும் குறையற்றதன்று. எனினும் தவறைத் தேடிச் சொல்லும் பொறுப்பு முதலில் அரசினுடையது என்பதை அவர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். நமது நாட்டில் அழுத பிள்ளைக்குத்தான் பால். அழத் தெரியாத பிள்ளைக்கு?

‘சிறு தொகைதானே, நாடு கடனில் இருக்கும்போது இதைப் பெரிதாக்கலாமா?’ என்று சிலர் கேட்கக்கூடும். வரி குறைவாகச் செலுத்தியவனிடம் தண்டமும் வட்டியும் கேட்கும்போது இந்தத் தாராள மனம் எங்கே போகிறது? ஒருவனிடம் பெறவேண்டிய சதம் பெரிதென்றால், அவனுக்குக் கொடுக்க வேண்டிய சதமும் பெரிதே. தராசின் ஒரு தட்டை மட்டும் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நீதி பேசுதல் ஆகாது. மேலும், கழித்த வரி நேர்மையாகத் திரும்பி வரும் என்ற நம்பிக்கை பிறந்தால்தான் மக்கள் மனமுவந்து வரி செலுத்துவர்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1988இன் பதினாறாம் திருத்தம் சிங்களத்துடன் தமிழையும் நிர்வாக மொழியாக்கியது. ஆகையால் மீளளிப்புக் கோருகிற தமிழ்பேசும் தொழிலாளி தன் மொழியில் கேட்பதும் தன் மொழியில் விடைபெறுவதும் சலுகையன்று. படிவம் தமிழில் அச்சிடப்பட்டால் மட்டும் போதாது. விளக்கம் கேட்டு வரும் கடிதமும், தொலைபேசியில் பேசும் குரலும், மறுக்கப்பட்டால் அதற்கான காரணமும் தமிழில் இருத்தல் வேண்டும். புரியாத மொழியில் வரும் கடிதம் பெட்டிக்குள் உறங்கும். அதனுடன் பணமும் உறங்கும்.

ஆகவே நாம் கோருவது இதுதான்: ஆண்டு முடிவில் திணைக்களமே கணக்குப் பார்த்து, மிகையாகக் கழிக்கப்பட்டோருக்கு அவரவர் மொழியில் அறிவித்து, பணத்தை வங்கிக்கு அனுப்ப வேண்டும். அந்த நாள் வரும்வரை நம்மவர்கள் கைகட்டி நிற்கலாகாது. சம்பளச் சீட்டை வீசிவிடாதீர்கள். பன்னிரண்டு மாதச் சீட்டுகளையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். ரி.10 சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு வேலை செய்பவர்கள் பிரகடனத்தை எழுதிக் கொடுங்கள். வீட்டிலுள்ள முதியவரை வங்கிக்கு அழைத்துச் சென்று வட்டிப் பிரகடனத்தில் ஒப்பமிடச் செய்யுங்கள். மீளளிப்புக்குச் சட்டத்தில் காலவரம்பு உண்டு. நாளை நாளை என்று தள்ளினால் உரிமையே காலாவதியாகிவிடும். துறைமுகத் தொழிற்சங்கங்களும் ஆலைத் தொழிற்சங்கங்களும் ஆண்டுக்கு ஒரு வாரமேனும் இதற்காக ஒரு மேசை போட்டு, கணக்குத் தெரிந்த இளைஞர் இருவரை அமர்த்தினால் போதும். கொடி பிடித்து நடக்கும் ஊர்வலத்துக்குக் குறைந்த சேவையன்று அது.

கொடுக்க வேண்டியதைக் குறைவின்றிக் கொடுப்போம். வரவேண்டியதைக் குறைவின்றிக் கேட்போம். இரண்டையும் ஒருங்கே செய்கிறவனே இந்நாட்டின் முழுமையான குடிமகன்.