நாவலப்பிட்டியில் பிறந்தவர்

கம்பளையில் பாதை பிரிகின்றது. ஒன்று நம் புசல்லாவைக்கு ஏறும். மற்றொன்று நாவலப்பிட்டிக்குச் செல்லும். அந்த நாவலப்பிட்டியில் 1917 ஜனவரி 17ஆம் நாள் பிறந்த எம். ஜி. இராமச்சந்திரனை 'எங்கள் மண்ணின் மைந்தர்' என நம் மாணவர் பெருமிதத்தோடு கூறுகின்றனர். அதிற் குற்றமில்லை. ஆயினும், அப்பெருமிதம் எதன்பொருட்டு என்பதைச் சற்று ஆராய்தல் வேண்டும்.

மலையாளக் குடும்பத்துப் பிள்ளை அவர். இளங்குழந்தையாய் இருந்தபோதே தந்தையை இழந்து, தாயாருடன் கடல் கடந்தார். கும்பகோணத்தில் வறுமை வாட்டப் படிப்பு நின்றது. தமையனார் சக்கரபாணியோடு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் நாடகக் கம்பெனியிற் சேர்ந்தார். பாடமும் பயிற்சியும் அங்கேதான். அக்காலத்து நாடகச் சிறுவர் நெடிய வசனங்களை நெட்டுருச் செய்து, கடைசி வரிசைக்கும் எட்டும்படி சொற்களைத் தெளிவுற ஒலிக்கப் பழகினர். லகர ளகர வேறுபாட்டிற்காக நாள்தோறும் தொண்டை வற்றும் தமிழாசிரியனாகிய யான் இதனை மிகவும் மதிக்கின்றேன். அவர்தம் தமிழ் பிறப்பால் வந்ததன்று, பயின்று பெற்றது. பிறகும் திரையுலகம் உடனே கை கொடுக்கவில்லை. 1936இல் சிறுவேடத்தில் தோன்றியவர் 'ராஜகுமாரி'யிற் கதாநாயகனானது 1947இல்தான். 'மலைக்கள்ளன்', 'நாடோடி மன்னன்' என விரிந்த புகழும், 1977இல் தமிழ்நாட்டின் முதலமைச்சராகி, 1987இல் மறைந்தபோதும் அப்பதவியில் வீற்றிருந்தமையும் யாவரும் அறிந்தவை.

பலர் அறியாதது ஒன்றுண்டு. அவர் முதன்முதல் நடித்த 'சதி லீலாவதி'யின் நாயகன் கொலைப்பழிக்கு அஞ்சி இலங்கைக்கு ஓடிவந்து தேயிலைத் தோட்டத்தில் கூலியாய் உழைக்கின்றான். அதில் இவருக்கு வாய்த்ததோ காவல் அதிகாரி வேடம்! தாம் பிறந்த மலைநாட்டின் துயரைப் பேசிய கதையில் தோட்டத் தொழிலாளி வேடம் இன்னொருவருக்குப் போயிற்று.

இனி, மண்ணின் மைந்தர் என்னும் சொல்லுக்கு வருவோம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மண்ணிற் பிறந்தமை மட்டும் போதாது என்றது. தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இங்குப் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. லயத்திற் பிறந்து லயத்திலேயே மூத்தோர் சான்றுக்கு எங்கே போவர்? 1964ஆம் ஆண்டு உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென வகுத்தது. எஞ்சியோரின் உரிமைச் சிக்கலைத் தீர்க்க 2003ஆம் ஆண்டிலும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. எம். ஜி. ஆரின் குடும்பம் இங்கேயே தங்கியிருப்பின், கேரளத்திற் பிறந்த தந்தையின் மகனாகிய அவரும் வமிசாவளிக் குடியுரிமை பெற்றிரார். பதிவுக்கு மனு எழுதிக் காத்திருந்தோருள் ஒருவராகியிருப்பார். புகழ் பெற்றபின் அவரை மைந்தர் என்கின்றோம். புகழ் பெறாத மைந்தரின் கதையை ஏன் அதனோடு சேர்த்துச் சொல்வதில்லை?

அவரைப் பற்றி மாணவர் எழுதும் கட்டுரைகள் ஆண்டுதோறும் என் மேசைக்கு வருகின்றன. நாவலப்பிட்டி எல்லாவற்றிலும் உண்டு. 1948 இதுவரை ஒன்றிலும் இல்லை.