கைகாட்டியும் கைவிலங்கும்

வெலிங்டனில் வாழ்பவர்களுக்கு இரண்டு ஓசைகள் பழக்கமானவை. ஒன்று, மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்திலிருந்து வரும் எக்காளம். மற்றொன்று, குன்னூரைத் தாண்டி ஊட்டிக்கு ஏறும் மலை இரயிலின் ஊதல். முன்னது ஒழுங்கை நினைவூட்டுகிறது. பின்னது அந்த ஒழுங்கை நம்பிப் பயணம் செய்யும் பொதுமக்களை நினைவூட்டுகிறது. இவ்விரண்டையும் கேட்டு வளர்ந்தவன் என்ற முறையில், இரயில் விபத்துகளுக்குப் பின் ஊழியர்மீது எடுக்கப்படும் ஒழுங்கு நடவடிக்கை பற்றிச் சில கருத்துகளை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

தண்டனையே கூடாது என்பது என் வாதமன்று. இரவு வண்டியில் ஆயிரம் பேர் கண்ணயர்ந்து வருகிறார்கள். ஓட்டுநர் விழித்திருக்கிறார் என்ற ஒரே நம்பிக்கைதான் அதற்குக் காரணம். அந்த நம்பிக்கையை அலட்சியத்தால் குலைப்பவரை மன்னித்துவிடுங்கள் என்று யார் சொல்ல முடியும்? 1968ஆம் ஆண்டின் இரயில்வே ஊழியர் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளும் இதில் கண்டிப்பாகவே இருக்கின்றன. வண்டிகள் மோதக் காரணமானவர் என்று குற்றம் மெய்ப்பிக்கப்பட்டவருக்குச் சாதாரணமாக வேலையை இழக்கும் தண்டனையே உரியது; அதை வழங்காவிட்டால், ஏன் வழங்கவில்லை என்று எழுத்தில் காரணம் காட்ட வேண்டும்.

ஆனால் அதே விதிகள் வேறொன்றையும் சொல்கின்றன. பெருந்தண்டனை என்றால் முதலில் குற்றச்சாட்டை எழுத்தில் தர வேண்டும். ஆவணங்களைப் பார்க்கவும், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும், உடன் பணிபுரிபவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளவும் ஊழியருக்கு உரிமை உண்டு. தண்டனை வந்தபின் 45 நாட்களுக்குள் மேல்முறையீடும் செய்யலாம். ஆக, சட்டத்தில் குறைவில்லை. விசாரணை தொடங்குமுன்பே தீர்ப்பு எழுதிவிடும் நம் அவசரத்தில்தான் குறை இருக்கிறது.

2024 ஜூன் 17 அன்று மேற்கு வங்கத்தில் ரங்கபாணி அருகே, காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸின் பின்புறம் ஒரு சரக்கு வண்டி மோதியது. சரக்கு வண்டியின் ஓட்டுநரும் மாண்டார். அவர் சிக்னலை மதிக்கவில்லை என்று இரயில்வே வாரியத் தலைவர் அன்றைக்கே அறிவித்தார். இறந்தவர் எழுந்து வந்து மறுப்புச் சொல்வாரா?

அடுத்த மாதம் இரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை வந்தது. அன்று விடியற்காலை முதலே அங்கே தானியங்கி சிக்னல்கள் பழுதுபட்டிருந்தன. சிவப்பைத் தாண்டிச் செல்ல ஓட்டுநருக்கு அனுமதிச் சீட்டு தரப்பட்டிருந்தது. எந்த வேகத்தில் செல்ல வேண்டும் என்பது அதில் இல்லை. அன்று காலை அவ்வழியே சென்ற ஏழு வண்டிகளில், விதிப்படி மெல்லச் சென்று ஒவ்வொரு சிக்னலிலும் நின்று போனது காஞ்சன்ஜங்கா ஒன்றுதான். மற்ற ஆறும் அவ்வாறு செல்லவில்லை. ஏழு பேரில் ஆறு பேருக்கு ஒரு விதி சரியாகத் தெரியவில்லை என்றால், குற்றம் ஓட்டியவர்களிடம் மட்டுமா இருக்கிறது? கற்பித்தவர்களிடமும் சீட்டு எழுதியவர்களிடமும் இல்லையா?

நம் ஊரின் துயரம் ஒன்றையும் இங்கே எண்ணிப் பார்க்கிறேன். 2021 டிசம்பர் 8 அன்று வெலிங்டனுக்கு வந்துகொண்டிருந்த முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தின் ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்து நொறுங்கியது. விசாரணை முடியும்வரை ஊகங்களைப் பரப்ப வேண்டாம் என்று விமானப்படை நாட்டைக் கேட்டுக்கொண்டது. மிகச் சரியான வேண்டுகோள். அந்தப் பொறுமை ஒரு சரக்கு வண்டி ஓட்டுநருக்கு மட்டும் ஏன் மறுக்கப்பட வேண்டும்?

தமிழகத்துக்கு வருவோம். 2025 ஜூலை 8 அன்று கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் பள்ளி வேன்மீது இரயில் மோதி மூன்று மாணவச் செல்வங்கள் மறைந்தனர். கேட் கீப்பர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார், கைதும் செய்யப்பட்டார். தவறு செய்திருந்தால் அவர் தப்பக் கூடாது. ஆனால் அந்தக் கேட் சிக்னலோடு இணைக்கப்படாதது. இணைத்திருந்தால் கேட் மூடாமல் கைகாட்டி இறங்காது, வண்டி வராது. இணைக்காததால், ஸ்டேஷன் மாஸ்டரும் கேட் கீப்பரும் தொலைபேசியில் சொல்லும் வார்த்தையை நம்பியே உயிர்கள் கடந்தன. விபத்துக்குப் பிறகுதான், மேலும் பல கேட்டுகளை இணைக்கும்படி விதியைத் தளர்த்தி உத்தரவு வந்தது. கைவிலங்கு ஒரே நாளில் வந்துவிட்டது. கைகாட்டியோடு இணைப்புக்கு மூன்று பிஞ்சுகள் பலியாக வேண்டியிருந்தது.

“பெற்றவர்கள் கதறும்போது நியாயம் பேசுவதா?” என்று சிலர் கேட்கலாம். அந்தப் பெற்றோருக்காகத்தான் பேசுகிறேன். ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அதே குறையுள்ள சீட்டை அடுத்தவர் கையில் கொடுத்தால், அடுத்த வண்டியும் மோதத்தானே செய்யும்? மேலும், வாய் திறந்தால் வேலை போகும் என்று அஞ்சும் ஊழியர், மயிரிழையில் தப்பிய தவறுகளை மறைப்பார். மறைக்கப்பட்ட சிறு தவறே நாளைய பெருவிபத்து.

ஆகவே என் கருத்து இதுதான். விபத்தன்று யாரையும் குற்றவாளி என்று அறிவிக்கக் கூடாது. பாதுகாப்பு ஆணையரின் முடிவுக்குப் பின்னரே வேலையைப் பறிக்கும் தண்டனை பற்றி எண்ண வேண்டும். பயிற்சி, ஓய்வு நேரம், கருவிகளின் நிலை ஆகியவற்றுக்குப் பொறுப்பானவர்களும் அதே விசாரணையில் நிற்க வேண்டும். வேண்டுமென்றே செய்த குற்றத்தையும் அறியாமல் நேர்ந்த பிழையையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது. முதலில் ஆராய்வது, பிறகு அளவறிந்து ஒறுப்பது என்ற வரிசையை வள்ளுவர் ‘வெருவந்த செய்யாமை’யின் தொடக்கத்திலேயே வகுத்துத் தந்திருக்கிறார்.

1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் இரயில் கவிழ்ந்தபோது, இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அவர் வண்டி ஓட்டவுமில்லை, பாலம் கட்டவுமில்லை. ஆயினும் பொறுப்பு மேலிருந்து கீழ்வரை ஒரே சங்கிலி என்பதை உணர்ந்திருந்தார்.

குன்னூருக்குக் கீழே பல்சக்கரப் பாதையில் நம் மலை இரயிலைப் பாருங்கள். எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது. முன்பெட்டியில் நிற்பவர் கொடி காட்டுகிறார். பெட்டிக்கொருவராகப் பிரேக்ஸ்மேன்கள் காத்து நிற்கிறார்கள். அந்தச் சரிவில் வண்டியைக் காப்பது ஒரு கையன்று, பல கைகள். காக்கும்போது பல கைகள் வேண்டுமென்றால், தவறும்போது ஒரு கைக்கு மட்டும் விலங்கு பூட்டுவது நீதியாகுமா? நாளை அதிகாரிகளாகவும் ஊழியர்களாகவும் இக்கல்லூரியிலிருந்து வெளியேறவிருக்கும் நண்பர்கள் சிந்திக்க வேண்டும்.