கிழமையைச் சீட்டில் எழுதுங்கள்

சர்க்கரை நோய்க்கும் உடல் எடையைக் குறைக்கவும் தரும் மவுஞ்சாரோ ஊசி 2025 மார்ச்சில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது எல்லோரும் பேசியது இரண்டே விஷயங்களைத்தான். எத்தனை கிலோ குறையும்? எவ்வளவு செலவாகும்? அப்போது 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் குப்பி 4,375 ரூபாய். வாரம் ஒன்று என்றால் மாதத்துக்கு நான்கு. அதே ஆண்டு ஜூனில் இதே வகை ஊசியான வீகோவி வந்தது, டிசம்பரில் ஓசெம்பிக் வந்தது. இந்த இரண்டிலும் இருக்கும் செமாகுளூடைடு மருந்தின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச்சோடு முடிந்ததும் உள்நாட்டு நிறுவனங்களுக்கும் வழி திறந்தது. பணக்காரர்களின் ஊசி என்று ஒதுக்கிவைத்த மருந்து நடுத்தரக் குடும்பத்தின் ஃபிரிட்ஜுக்குள் நுழையத் தொடங்கிவிட்டது.

இந்த வேகத்தில் ஒரு சின்னக் கேள்வி கவனிப்பாரின்றி மருந்துக்கடை கவுன்டரில் நிற்கிறது. "தம்பி, இதை என்னிக்குப் போடணும்?" என்று கேட்கிறார் ஓர் அம்மா. "வாரத்துக்கு ஒண்ணும்மா, எப்ப வேணும்னாலும் போட்டுக்கலாம்" என்கிறார் கடைக்காரர்.

அவர் சொன்னதில் பிழையில்லை. மருந்தோடு வரும் குறிப்பும் அதையேதான் சொல்கிறது: எந்தக் கிழமையும் சரி, காலையோ இரவோ சரி, சாப்பாட்டுக்கு முன்னும் சரி பின்னும் சரி. ஆனால் அந்த அம்மாவுக்கு இந்தப் பதில் போதாது. அவருடைய வாரம் எப்படிப் போகிறது, வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறார், எந்த நாளில் விரதம் இருக்கிறார் என்று கேட்டு ஒரு கிழமையை முடிவு செய்து, அதை மருந்துச் சீட்டிலேயே எழுதித் தர வேண்டும். அது மருத்துவரின் கடமை. இன்று பெரும்பாலும் அது நோயாளியின் தலையில் விடப்படுகிறது.

இந்த மருந்துகளுக்கு இவ்வளவு சுதந்திரம் எப்படி வந்தது என்று தெரிந்தால்தான் அதன் எல்லையும் புரியும். சாப்பிட்டதும் நம் குடலிலிருந்து ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சுரக்கிறது. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைப்பதும், இரைப்பை காலியாகும் வேகத்தைக் குறைப்பதும், 'போதும்' என்று மூளைக்குச் சொல்வதும் அதன் வேலைகள். ஆனால் ரத்தத்தில் அது ஓரிரு நிமிடங்களில் சிதைந்துவிடும். அதே வேலையைச் செய்து, அதைவிட நெடுநேரம் தாங்கும் ஒரு பொருளை அமெரிக்கப் பாலைவனத்தின் கிலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லியின் உமிழ்நீரில் கண்டுபிடித்தார் ஆராய்ச்சியாளர் ஜான் எங். அதிலிருந்து பிறந்த எக்செனடைடு 2005-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதை நாளுக்கு இரண்டு முறை, சாப்பாட்டுக்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். 2010-இல் வந்த லிராகுளூடைடு நாளுக்கு ஒரு முறை என்றது. 2017 டிசம்பரில் வந்த செமாகுளூடைடு வாரத்துக்கு ஒரு முறை போதும் என்றது. ரத்தத்தில் உள்ள அல்புமின் புரதத்தை இறுகப் பற்றிக்கொள்ளும் கொழுப்பு அமிலச் சங்கிலி ஒன்றை அதில் இணைத்திருக்கிறார்கள். அதனால் உடலில் உள்ள மருந்து பாதியாகக் குறையவே சுமார் 7 நாள் ஆகிறது. மவுஞ்சாரோவில் இருக்கும் டிர்செபடைடுக்குச் சுமார் 5 நாள்.

வாரம் ஒரு முறை லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டுத் தொட்டியைப் போலத்தான் இது. அடுத்த லாரி வரும்போது தொட்டி பாதியாகியிருக்கும், வறண்டிருக்காது. ஊசி போட்ட கிழமையில் மட்டும் மருந்து வேலை செய்கிறது, மற்ற நாளில் ஓய்வெடுக்கிறது என்று நினைப்பது தவறு. இந்தத் தவறிலிருந்து கிளம்பும் சிக்கல்கள் பல.

முதல் சிக்கல் கல்யாண வீட்டில். "வர்ற ஞாயிறு மச்சினி கல்யாணம், இந்த வாரம் ஊசியை விட்டுட்டா விருந்தை நல்லாச் சாப்பிடலாம்" என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. ஊசியை ஒரு வாரம் விட்டாலும் முந்தைய வாரங்களின் மருந்து உடலில் இருக்கிறது. இரைப்பை மெதுவாகத்தான் இயங்கும். பழைய அளவில் பிரியாணியையும் பாயசத்தையும் உள்ளே தள்ளினால் இரவில் குமட்டலும் வாந்தியும் வரக்கூடும். ஊசியை விட்டதில் விருந்தும் ருசிக்காமல் போகிறது, மருந்தின் ஒழுங்கும் கெடுகிறது. ஊசியை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு, இலையில் பாதியோடு எழுந்திருப்பதே உடலுக்கு நல்லது.

அப்படியானால் எந்தக் கிழமை நல்ல கிழமை? எல்லோருக்கும் பொருந்தும் ஒரு கிழமை கிடையாது. வெள்ளிக்கிழமை போட்டால் வார இறுதியில் பசி அடங்கும், அதனால் எடை அதிகம் குறையும் என்றெல்லாம் பரவும் பேச்சுக்கு மருந்துக் குறிப்பில் ஆதாரம் இல்லை. கிழமையைத் தேர்ந்தெடுக்க உதவும் தகவல் வேறு. செமாகுளூடைடு ரத்தத்தில் உச்சத்தை எட்டுவது ஊசி போட்ட 1 முதல் 3 நாளில். டிர்செபடைடு 8 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் உச்சம் தொடும். குமட்டல் வருகிற வாய்ப்பும், குறிப்பாகத் தொடக்க வாரங்களிலும் டோஸ் கூட்டும் வாரங்களிலும், இந்த நாட்களில்தான் அதிகம். 2021-இல் வெளியான ஸ்டெப் 1 ஆய்வில் செமாகுளூடைடு எடுத்தவர்களில் 44 சதவீதம் பேருக்குக் குமட்டல் இருந்தது. பலருக்கு அது போகப்போகக் குறையும் என்றாலும், வேலைக்குப் போகிறவருக்கு அந்த ஓரிரு நாள் பெரிய பாடு.

திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்து ஞாயிறு விடுமுறை எடுப்பவரை எடுத்துக்கொள்வோம். சனிக்கிழமை இரவு ஊசி போட்டால் முதல் நாள் அசதி வீட்டிலேயே கழியும். ஆனால் அவர் வீட்டில் ஞாயிறுதான் கறிச்சோறு என்றால் அதே சனிக்கிழமை அவருக்கு ஆகாது. செவ்வாயோ புதனோ மேல். வெள்ளிதோறும் ஒருபொழுது இருக்கும் பெண்மணிக்கு வியாழன் இரவு ஊசி வேண்டாம். செவ்வாயில் எதையும் தொடங்க மாட்டேன் என்பவருக்கு மருத்துவர் புதனைத் தந்துவிட்டுப் போகலாம், மருந்துக்கு அதில் மறுப்பில்லை. மகன் வெளியூரில் வேலை, ஞாயிறு மட்டும் வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு ஊசி போட்டுவிடுகிறான் என்றால் வேறெதையும் பார்க்க வேண்டியதில்லை, ஞாயிறே கிழமை. தவறாமல் நடப்பதுதான் முதல் தகுதி.

தேர்ந்தெடுத்த கிழமையை மாற்றவும் இடமுண்டு. இரண்டு ஊசிகளுக்கு இடையில் குறைந்தது எத்தனை நாள் வேண்டும் என்பதில் செமாகுளூடைடுக்கு அமெரிக்கக் குறிப்பு 2 நாள் என்கிறது, ஐரோப்பியக் குறிப்பு 3 நாள் என்கிறது. டிர்செபடைடுக்கு 3 நாள். ஆகவே 3 நாள் என்று மனதில் வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் பொருந்தும். மறந்துபோன ஊசிக்கும் கணக்கு இருக்கிறது. ஞாயிறு போட வேண்டிய ஓசெம்பிக்கை மறந்துவிட்டால் 5 நாளுக்குள், அதாவது வெள்ளிக்குள் போட்டுக்கொள்ளலாம். மவுஞ்சாரோ என்றால் 4 நாள், வியாழனோடு சரி. அந்தக் கெடு தாண்டினால் அந்த வாரத்தை விட்டுவிட்டு அடுத்த ஞாயிறு வழக்கம்போலப் போட வேண்டும். விட்டதற்கும் சேர்த்து இரண்டாகப் போடவே கூடாது. அடுத்தடுத்து இரண்டு வாரம் விட்டுப்போனால் மருத்துவரைக் கேட்காமல் பழைய டோஸில் தொடரக் கூடாது. சில சமயம் கீழ் டோஸிலிருந்து மறுபடி ஏறி வர வேண்டியிருக்கும்.

கிழமையைவிடப் பெரிய கேள்வி, எந்த மாதத்தில் தொடங்குவது, எப்போது டோஸைக் கூட்டுவது என்பது. அக்னி நட்சத்திரத்தில் வெளியூர்ப் பயணத்துக்குக் கிளம்பும் வாரத்தில் டோஸைக் கூட்டினால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வியர்வையும் சேர்ந்து உடல் நீரை வற்றவைத்து, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். ரமலான் நோன்பு வைப்பவர்கள் நோன்புக்குச் சில வாரங்கள் முன்பே தங்கள் டோஸை நிலைப்படுத்திக்கொள்ள வேண்டும். நோன்பின் முதல் நாளில் புது ஊசியைத் தொடங்குவது அபாயம். கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கிளிமிபிரைடு மாதிரியான மாத்திரையோ இன்சுலினோ கூடவே எடுப்பவர்களுக்கு விரத நாளில் சர்க்கரை சட்டென்று இறங்கக்கூடும். அவற்றின் அளவை மருத்துவர் முன்கூட்டியே திருத்தித் தர வேண்டும்.

கண் பரிசோதனையும் காலம் பார்த்துச் செய்ய வேண்டியது. 2016-இல் வெளியான சஸ்டெய்ன்-6 ஆய்வில் விழித்திரைச் சிக்கல்கள் செமாகுளூடைடு எடுத்தவர்களில் 3 சதவீதம் பேருக்கும் மற்றவர்களில் 1.8 சதவீதம் பேருக்கும் வந்தன. நெடுநாள் சர்க்கரை நோயாளிகள் முதல் ஊசிக்கு முன்பே விழித்திரையைப் பார்த்துவிடுவது நல்லது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறிப்பவர்களுக்கு இன்னொரு விஷயம் உண்டு. இரைப்பையில் உணவு தங்கியிருந்தால் மயக்க மருந்தின்போது அது மூச்சுக்குழலுக்குள் போகும் ஆபத்து உண்டு. 2023-இல் அமெரிக்க மயக்கவியல் மருத்துவர்கள் சங்கம் வார ஊசியை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொன்னது. 2024-இல் பல சங்கங்கள் சேர்ந்து, பெரும்பாலானவர்கள் தொடரலாம், ஆபத்து அதிகமுள்ளவர்கள் முந்தைய 24 மணி நேரம் திரவ உணவில் மட்டும் இருக்கட்டும் என்று திருத்தின. முடிவு எதுவானாலும், மயக்க மருத்துவரிடம் "வார ஊசி போடுகிறேன், கடைசியாகப் போட்டது இந்தத் தேதி" என்று சொல்லியாக வேண்டும். கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் செமாகுளூடைடைக் குறைந்தது 2 மாதம் முன்பே நிறுத்த வேண்டும். கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள் டிர்செபடைடு தொடங்கிய பிறகும், ஒவ்வொரு முறை டோஸ் கூட்டிய பிறகும் 4 வாரம் வேறு தடுப்பு முறையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இத்தனையும் கவுன்டரில் நிற்கும் கடைக்காரர் சொல்லி முடிக்கிற விஷயமா? கிழமையை எழுதித் தரும் வழக்கம் உலகுக்குப் புதிதல்ல. மூட்டுவாதத்துக்கு வாரம் ஒரு முறை தரும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையை நாள்தோறும் விழுங்கி உயிரிழந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. அதனால் 2020-இல் பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு, நோயாளியோடு பேசிக் கிழமையை முடிவு செய்து அதைச் சீட்டில் எழுத வேண்டும் என்று மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. இந்த ஊசிகளிலும் அதே குழப்பத்துக்கு இடமிருக்கிறது. ஒரே ஃபிரிட்ஜில் அம்மாவின் தினசரி இன்சுலின் பேனாவும் அப்பாவின் வார ஊசிப் பேனாவும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் வீடுகள் பெருகும். இரண்டும் கையளவுதான், இரண்டிலும் திருகும் குமிழ் உண்டு, இரண்டும் தொப்புளைச் சுற்றி, தொடையில், மேற்கையில் போடுவதுதான். வார மருந்தை நாள்தோறும் போட்டுவிட்டால், அது வெளியேற வாரக்கணக்கில் ஆகும், அதுவரை வாந்தி தொடரலாம்.

தமிழ்நாட்டில் இது சிறிய எண்ணிக்கையின் பிரச்சினை இல்லை. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு 1.13 லட்சம் பேரைப் பரிசோதித்து 2023-இல் வெளியானது. நாட்டில் 10.1 கோடி சர்க்கரை நோயாளிகள் என்றது அது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். இவர்களில் சிறு பங்கினர் இந்த ஊசிக்கு மாறினாலே பல லட்சம் பேர் ஒவ்வொரு வாரமும் ஒரு கிழமையை நினைவில் வைக்க வேண்டியிருக்கும்.

ஆகவே கேட்பது இவைதான். மருத்துவர்கள் 'வாரம் ஒரு முறை' என்று முடிக்காமல் 'ஒவ்வொரு புதனும் இரவு' என்று சீட்டில் எழுதட்டும். நிறுவனங்கள் பெட்டியின் மேல் தமிழில் மூன்று வரி அச்சிடட்டும்: உங்கள் கிழமை எது, மறந்தால் எத்தனை நாள் வரை போடலாம், எந்தச் சூட்டில் வைக்க வேண்டும். திறக்காத பேனா 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், உறையக் கூடாது. மே மாதச் சென்னையில் வெளியே வைத்தால் சூடு 30 டிகிரியை எளிதில் தாண்டிவிடும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரையோடு வீட்டுக்கே வரும் தன்னார்வலர்களுக்கு, வார ஊசி போடுகிறவரா, எந்தக் கிழமை, கடைசியாக எப்போது என்ற மூன்று கேள்விகளைக் கற்றுத்தர அரசுக்குப் பெரிய செலவில்லை.

நோயாளிகள் செய்ய வேண்டியதும் ஒன்றுண்டு. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது விடுமுறை நாள், விரத நாள், இரவு ஷிப்ட், வீட்டில் ஊசி போட்டுவிடுபவர் எப்போது இருப்பார், சாப்பிடும் மற்ற மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் அவர் மேசையில் வையுங்கள். கிழமை எழுதப்படாத சீட்டோடு அந்த அறையை விட்டு வெளியே வராதீர்கள்.