படிப்புக்குத்தான், அப்பா!

நண்பர்களே, ஓர் ஒப்புதல் வாக்குமூலத்தோடு இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். ஒரு விளையாட்டுக் கருவி வாங்குவதற்காக என் தந்தையிடம் பொய் சொல்லும் எல்லை வரைக்கும் போய் வந்தவன் நான். பொய் என்று சொன்னால்கூட அது முழுப் பொய் அன்று. அதனால்தான் அது அவ்வளவு எளிதாக என் வாயில் வந்தது.

என்னிடம் இருக்கும் மடிக்கணினி 2020-இல், நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின்போது, இணையவழி வகுப்புகளுக்காக வாங்கியது. இப்போது அதன் மூடி தானாக நிற்காது. பின்னால் ஒரு புத்தகத்தை முட்டுக் கொடுக்க வேண்டும். மின்கலன் செத்துப் பல மாதங்கள் ஆகின்றன. ஆய்வேடு எழுத வேண்டிய இறுதியாண்டில் புதிய கணினி ஒன்று தேவை என்பதில் ஐயமில்லை. வார இறுதிகளில் மூன்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததில் 1,600 ரிங்கிட் சேர்த்து வைத்திருந்தேன். ஆனால் என் கண் மடிக்கணினிக் கடையில் இல்லை. ஒருவர் பயன்படுத்தி விற்க வந்த கையடக்க விளையாட்டுக் கணினி ஒன்றின் மேல் இருந்தது. விலை 2,400 ரிங்கிட். துண்டு விழுந்த 800-க்காகச் சுங்கை பட்டாணியில் இருக்கும் அப்பாவுக்கு அழைத்தேன்.

"கணினி வாங்கணும்ப்பா."

"படிப்புக்குத்தானே? இபிஎஃப்-இல மூனாவது கணக்குல ஆயிரத்துச் சொச்சம் இருக்கு. எடுத்துத் தரேன்."

அவ்வளவுதான். எந்த நிறுவனம், என்ன வகை என்று ஒரு கேள்வி இல்லை. 2024 மே மாதம் தொழிலாளர்களின் சேமநிதி மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்பட்டபோது, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கப்பட்டது அந்த மூன்றாவது கணக்கு. மாதந்தோறும் செலுத்தப்படும் தொகையில் பத்து விழுக்காடுதான் அதில் சேரும். லாரி ஓட்டும் என் அப்பாவுக்கு அந்த ஆயிரம் எத்தனை மாத உழைப்பு என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தது தொலைபேசியை வைத்த பிறகுதான்.

இக்கருவிகளைப் பற்றி அறியாதவர்களுக்குச் சிறு விளக்கம். நம் அண்ணன்மார்கள் காலத்து 'கேம் பாய்', 'பிஎஸ்பி' போன்றவை முக்கியமாக விளையாட்டுக்கானவை. இவை அப்படியல்ல. நடுவில் ஏழு எட்டு அங்குலத் திரை, இரு பக்கமும் பொத்தான்கள். உள்ளே இருப்பதோ முழுமையான கணினி. 2016-இலேயே 'ஜிபிடி வின்' என்ற கருவி வந்துவிட்டாலும், 2022 பிப்ரவரியில் வால்வ் நிறுவனம் 399 அமெரிக்க டாலரில் 'ஸ்டீம் டெக்'கை வெளியிட்ட பிறகுதான் இது பரவலாகப் பேசப்பட்டது. அடுத்த ஆண்டே ஏசுஸின் 'ரோக் அலை', லெனோவோவின் 'லீஜியன் கோ' என்று வரிசை கட்டி வந்தன. ஸ்டீம் டெக் லினக்ஸ் வழி இயங்குகிறது. பின்னவை இரண்டும் வெளிவந்தபோதே விண்டோஸ் கொண்டிருந்தன. அதாவது, வேர்ட் திறக்கலாம், ஆய்வேடு எழுதலாம், அச்சிடலாம். 'கணினி வாங்கணும்ப்பா' என்று நான் சொன்னதில் ஒரு சொல் கூடப் பிழையில்லை, பார்த்தீர்களா?

'படிப்பு' என்ற சொல் நம் வீடுகளில் திறவுகோல். எந்தப் பூட்டும் திறந்துகொள்ளும். என் அண்ணன் 2007-இல் யூபிஎஸ்ஆர் தேர்வில் 7ஏ எடுத்தபோது வீட்டுக்கு முதல் கணினி வந்தது. தவணைப் பணத்தில், படிப்புக்காக. வரவேற்பறையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்து, பூத்துணி போட்டு மூடி வைத்தார் அம்மா. அதில் அண்ணன் படித்தாரோ இல்லையோ, 'கவுண்டர் ஸ்டிரைக்' துப்பாக்கிச் சத்தம் தெருமுனை வரை கேட்டது. அப்பா அறைக்குள் வந்தால் திரையில் சட்டென்று அறிவியல் பாடம் தோன்றும். நான் கற்றுக்கொண்ட முதல் கணினித் திறன் அந்த ஆல்ட்-டேப் வித்தைதான். இணைய இணைப்பும் படிப்புக்கு என்றுதான் வந்தது. கைப்பேசியும் அப்படியே. கேட்டதைக் கொடுத்த பெற்றோருக்கு உண்மை தெரியாமல் இருந்ததா என்றால், தெரிந்துதான் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் கழித்தவர்களுக்குப் பிள்ளையின் விளையாட்டுக்குப் பணம் கொடுப்பது கூச்சம். படிப்புக்குக் கொடுப்பது பெருமை. அந்தப் பெருமையை நாம் நெடுநாளாகச் செலவழித்து வருகிறோம்.

வாங்கும் முன் ஒரு நல்ல காரியம் செய்தேன். விடுதித் தோழன் ஒருவனிடம் விண்டோஸ் வகைக் கருவி இருந்தது. பருவ விடுமுறைக்கு இரண்டு வாரம் இரவல் கேட்டேன், கொடுத்தான். வீட்டிலும் பேருந்திலும் அதை வைத்தே ஆய்வேட்டின் இரண்டாம் இயலை எழுதுவது என்று உறுதி எடுத்துக்கொண்டேன்.

முதல் நாளே தெரிந்துவிட்டது. விண்டோஸில் தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் ஏழு அங்குலத் திரையில் தொடுவிசைப் பலகையைத் திறந்தால் பாதித் திரை மறைந்துவிடுகிறது. மீதிப் பாதியில் எழுத்துகள் எறும்பு ஊர்வதுபோல் தெரிகின்றன. ஆங்கிலத்தைக்கூட ஒருவாறு படித்துவிடலாம். தமிழில் புள்ளி தெரிய வேண்டுமே! 'க' எது, 'க்' எது என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தே ஒரு மாலை போய்விட்டது. ஒற்றுப் பிழைக்காகவே என் வரைவுகளைச் சிவப்பாக்கித் திருப்பித் தரும் மேற்பார்வையாளரிடம் இதைக் காரணமாகச் சொல்ல முடியுமா?

'வெளித்திரையும் விசைப்பலகையும் இணைத்தால் போதும்' என்பார்கள். உண்மைதான். அந்தக் கணக்கையும் போட்டேன். மின்னூட்டும் இணைப்பும் பெரும்பாலும் ஒரே துளை வழியாக என்பதால் இணைப்புப் பெட்டி ஒன்று வேண்டும், 120 ரிங்கிட். விசைப்பலகையும் சுட்டியும் 100. மலிவான திரை 350. ஆக, 2,400 ரிங்கிட் கருவி மேசைக்கு வரும்போது 2,970 ஆகிவிடுகிறது. நூலகத்துக்கு எடுத்துச் செல்ல முடியாது. விரிவுரையில் குறிப்பெடுக்க முடியாது. 2,100 ரிங்கிட் மடிக்கணினி இவ்வளவையும் செய்யும்.

படிப்பு விஷயம் அத்துடன் முடிந்தது. இனி விளையாட்டுக்கு வருகிறேன். இங்கும் உண்மையே சொல்ல வேண்டும். அருமையாக இருந்தது! பல ஆண்டுகளாகத் தள்ளுபடியில் வாங்கிக் குவித்துவிட்டு, என் பழைய மடிக்கணினி இழுக்காததால் தொடாமல் வைத்திருந்த விளையாட்டுகள் எல்லாம் கைக்குள் ஓடின. சுங்கை பட்டாணியிலிருந்து கோலாலம்பூருக்கு ஐந்து மணி நேரப் பேருந்துப் பயணம் எப்படிப் போனது என்றே தெரியவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் தைப்பிங்கைத் தாண்டுவதற்குள் மின்கலன் சிவப்புக்கு வந்துவிட்டது. இதில் மர்மம் ஏதுமில்லை. 2022, 2023-இல் வந்த ஸ்டீம் டெக், ரோக் அலை இரண்டிலும் இருந்தது 40 வாட்-மணி மின்கலன். கனமான விளையாட்டு ஒன்று ஓடும்போது கருவி 25 வாட் இழுத்தால், நாற்பதை இருபத்தைந்தால் வகுத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். 2024-இல் வந்த 'அலை எக்ஸ்'ஸில் இதை 80 வாட்-மணியாக்கினார்கள். விலையும் அதற்கேற்ப ஏறியது. சிறிய விளையாட்டுகள் என்றால் எந்தக் கருவியிலும் கூடுதல் நேரம் கிடைக்கும். விளம்பரங்களில் காட்டுவது பெரும்பாலும் பெரிய விளையாட்டுகளைத்தான்.

மின்கலனைவிட என்னை யோசிக்க வைத்தது படுக்கை. மேசைக் கணினியில் விளையாடினால் முதுகு வலிக்கும், எழுந்துவிடுவோம். கையடக்கக் கருவி நம்மோடு படுத்துக்கொள்கிறது. கோலாலம்பூர் திரும்பிய முதல் வாரம் இருமுறை விடியற்காலை மூன்று மணியைப் பார்த்தேன். எட்டு மணி விரிவுரை ஒன்றைத் தவறவிட்டேன். கைப்பேசியிலும் இதே கூத்துதானே என்று கேட்கலாம். ஆம், இதே கூத்துதான். ஏற்கெனவே ஒன்று இருக்கும்போது இரண்டாவதை 2,400 ரிங்கிட் கொடுத்து வாங்க வேண்டுமா என்பதே என் கேள்வி.

ஆண்டிதழ்களில் 'விளையாட்டுகளால் சீரழியும் இளையோர்' என்று எழுதுவோரின் பக்கம் நான் நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றைப் பற்றிய 'வெண்பா' என்ற விளையாட்டை நம்மில் எத்தனை பேர் ஆடியிருக்கிறோம்? 2023 ஜூலையில் டொராண்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்டது. மறு ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதைப் பெற்றது. சிதைந்துபோன அம்மாவின் சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, விட்டுப்போன வரிகளை ஊகித்து ஊகித்துச் சமைக்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். என் அம்மா பக்கத்தில் அமர்ந்து பார்த்தவர், இட்லித் தட்டை நான் அடுக்கிய விதத்தைக் கண்டு "ஆவி எப்படிடா மேல போகும்?" என்று திட்டினார். அவர் சொன்னபடி மாற்றினேன், இட்லி வெந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், இதை நாங்கள் ஆடியது இரவல் கருவியில் அன்று. முட்டுக் கொடுத்து நிற்கும் அதே பழைய மடிக்கணினியில். கடந்த சில ஆண்டுகளில் நான் முழுமையாக ஆடி முடித்த ஒரே விளையாட்டுக்கு எந்தச் சக்திவாய்ந்த சில்லும் தேவைப்படவில்லை.

வேலைக்குப் போய்ச் சொந்தச் சம்பளம் வாங்கும் முன்னாள் மாணவர்கள் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், உங்களுக்கு என் கணக்கு பொருந்தாது. ஆசையிருந்தால் வாங்குங்கள்; யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு செய்திகளை மட்டும் கவனியுங்கள். 'வேலொரண்ட்' ஆடுகிறவர் என்றால் ஸ்டீம் டெக் வேண்டாம். அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் லினக்ஸில் இயங்காது. பழைய கருவி வாங்குவதென்றால் நேரில் போய், பொத்தான் குச்சிகளைத் தொடாமல் வைத்து அவை தானாக நகர்கின்றனவா என்று பாருங்கள். பொறுத்தால் விலை குறையும் என்ற பழைய அறிவுரையையும் இப்போது கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் வாங்கிக் குவித்ததில் 2025 இறுதியில் நினைவகச் சில்லுகளின் விலை கடுமையாக ஏறியது. 2025 அக்டோபரில் வெளிவந்தபோது 'எக்ஸ்பாக்ஸ் அலை எக்ஸ்' அமெரிக்காவிலேயே 999 டாலராக இருந்தது. 399-இல் தொடங்கிய கதை எங்கே வந்து நிற்கிறது, பாருங்கள்!

படிப்புக் கடனில் இருப்பவர்களிடம்தான் எனக்குப் பேச்சு. பிடிபிடிஎன் பணம் கணக்கில் விழுந்த வாரத்தில் விடுதிக்கு எத்தனை பொட்டலங்கள் வருகின்றன என்பதை நாம் எல்லாரும் பார்க்கிறோம். ஒரு விழுக்காடுதானே கட்டணம் என்கிறோம். கடன் கடன்தான். பட்டம் பெற்ற பிறகு மாதாமாதம் கட்டும்போது அந்தக் கருவி நம்மிடம் இருக்குமா என்பதுகூட ஐயமே. விளையாட ஆசைப்படுவது தவறில்லை. ஆசையை ஆசை என்று சொல்லிப் பணம் சேர்த்தால் 2,400 ரிங்கிட் எவ்வளவு பெரிய தொகை என்பது கையில் தெரிகிறது. 'படிப்பு' என்று பெயர் மாற்றியதும் அதன் எடையே தெரியாமல் போய்விடுகிறது. எனக்குத் தெரியாமல்தான் போயிருந்தது.

கருவியைத் தோழனிடம் திருப்பிக் கொடுத்த அன்றிரவு அப்பாவுக்கு அழைத்து உள்ளதைச் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பின்னணியில் தொலைக்காட்சிச் சத்தம் மட்டும் கேட்டது.

"வெளாட்டுச் சாமானா அது? எவ்ளோ?"

சொன்னேன்.

"என் மோட்டாரே அவ்ளோ போகாதுடா." சிரித்தாரா, பெருமூச்சு விட்டாரா என்று தெரியவில்லை. "சரி, படிக்கிற கணினி எவ்ளோ?"

அடுத்த வாரம் 2,100 ரிங்கிட்டுக்கு மடிக்கணினி வாங்கினேன். என்னுடைய 1,600, அப்பாவுடைய 500. எனக்கு மூன்றாவது கணக்கிலிருந்து எடுக்க விருப்பமில்லை, அவர் கேட்கவில்லை. பாடம் சொல்லிக் கொடுத்து வரும் பணத்தில் மாதம் 80 ரிங்கிட்டைத் தனியாக வைத்து வருகிறேன், விளையாட்டுக் கருவிக்கென்றே. உறையின் மேல் அப்படித்தான் எழுதியும் வைத்திருக்கிறேன். இப்போது அதில் 320 இருக்கிறது. போன முறை வீட்டுக்குப் போயிருந்தபோது அப்பா விசாரித்தார், "அந்தச் சாமான் எவ்ளோ சேர்ந்துச்சு?" என்று. ஆய்வேட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை. நல்லவேளை, மூன்றாம் இயல் இன்னும் முடியவில்லை.