“ஊருக்குப் போய்ப் பார்த்துக்கறேன்”

பெங்களூரு அல்சூர் ஏரிக்கரை வள்ளுவர் சிலையிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் என் தையல் கடை. இருபத்திரண்டு வருடமாக ரவிக்கை தைக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வீட்டு வேலை செய்கிற பெண்கள். திரையை இழுத்துவிட்டு அளவெடுக்கும் ஐந்து நிமிடத்தில், புருஷனிடமும் டாக்டரிடமும் சொல்லாததை என்னிடம் சொல்லிவிடுவார்கள்.

ஒவ்வொருவருக்கும் அளவு நோட்டில் ஒரு பக்கம் உண்டு. பர்கூர்ப் பக்கத்து அக்கா ஒருவரின் பக்கத்தை நான் இன்னும் கிழிக்கவில்லை. 2021 தீபாவளிக்கு மார்பளவு 38. அடுத்த ஆடியில் 36. அதற்கடுத்த பொங்கலுக்கு 33. அந்தப் பொங்கலுக்குப் புது ரவிக்கை தைக்கக் கொடுக்கவில்லை, பழையதை உள்ளே பிடிக்கச் சொன்னார். கூடவே நாலு உள்பாவாடை கேட்டார். நாலும் கறுப்பு. எப்போதும் புடவைக்கு ஏற்ற நிறத்துக்காகத் துணிக்கடை துணிக்கடையாக அலைகிறவர் அவர். “கறை தெரியக் கூடாதும்மா” என்றார். வயது 49. மாதவிலக்கு நின்று இரண்டு வருடமாகியிருந்தது. நின்ற பிறகு ஏது கறை என்று கேட்டேன். “உஷ்ணம்தான். பங்குனித் திருவிழாவுக்கு ஊருக்குப் போறேன்ல, அங்க பார்த்துக்கறேன்” என்றார்.

போனார். மூன்று நாள் திருவிழா, ஒரு காதுகுத்து. திரும்பி வந்துவிட்டார். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று கண்டுபிடித்தபோது அது சிறுநீர்ப்பை வரை போயிருந்தது. கார்த்திகைக்கு அவர் இல்லை. கறுப்புத் துணியை வெட்டித் தைத்துக் கொடுத்த கை இது. அன்றைக்கே கடையைப் பூட்டிவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு முப்பது வயது தாண்டிய எல்லோரிடமும் கேட்க ஆரம்பித்தேன், இந்தப் புற்றுநோய்க்கான பரிசோதனை செய்துகொண்டீர்களா என்று. வேண்டாம் என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை. “ஸ்கூல் லீவுல போறேன்”, “எங்க ஊர் நர்ஸம்மா நல்லாப் பார்க்கும்”, “ஓனரம்மா ஃபாரின்லருந்து வரட்டும்.” எல்லாப் பதிலும் கடைசியில் ஊரில்தான் போய் நிற்கிறது. இந்த நகரம் சம்பாதிக்கிற இடம், உடம்பைக் காட்டுகிற இடம் ஊர் என்று மனதுக்குள் வகுத்து வைத்திருக்கிறார்கள். அந்த ஊருக்கு வருடத்தில் இரண்டு தடவை போகிறார்கள், திருவிழாவுக்கும் சாவுக்கும். இரண்டிலும் ஆஸ்பத்திரிக்கு நேரம் கிடையாது.

ஊரில் வசதி இல்லை என்றும் சொல்ல முடியாது. நர்ஸிங் படிக்கும் என் மகள் எடுத்துச் சொன்னபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. திண்டுக்கல் மாவட்டத்தில், பயிற்சி பெற்ற நர்ஸ்கள் ஒரே ஒரு தடவை இந்தப் பரிசோதனையைச் செய்து, பல ஆண்டு தொடர்ந்து கவனித்ததில், இந்தப் புற்றுநோயால் வரும் சாவு 35 விழுக்காடு குறைந்தது. 2007-இல் அந்த ஆய்வு வெளியாகி உலகமே படித்தது. அதே ஆண்டில் தேனியிலும் தஞ்சாவூரிலும் தமிழக அரசு இந்தப் பரிசோதனையை முன்னோட்டமாக ஆரம்பித்துப் பிறகு மாநிலம் முழுக்கக் கொண்டுபோனது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021-இல் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். 2023-இல் திருப்பத்தூர் உட்பட நாலு மாவட்டங்களில் வீடு தேடிப் போய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். கிருஷ்ணகிரியும் திருப்பத்தூரும் என் வாடிக்கையாளர்களின் மாவட்டங்கள். வாசலில் நர்ஸம்மா வந்து நிற்கும்போது, மருமகள் இங்கே இந்திரா நகரில் ஐந்தாவது மாடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கிறாள். மாமியார்தான் கதவைத் திறக்கிறார்.

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுக்குள் ஒரு தடவையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவு. நாடு முழுக்கக் கணக்கிட்டால் இரண்டு பேர்கூட இல்லை. கர்நாடகத்தில் ஒருவரைக்கூடத் தொடவில்லை. முன்னால் இருக்கிற மாநிலத்திலிருந்து கிளம்பி, பின்தங்கிய மாநிலத்தில் வந்து இறங்கி, இரண்டு கணக்கிலும் விழாமல் போகிறவர்கள் இவர்கள். நம் நாட்டில் வருடத்துக்கு 75,000 பெண்களுக்கு மேல் இந்த நோயால் சாகிறார்கள். வைரஸ் தொற்றிப் புற்றாக மாற சாதாரணமாகப் பதினைந்து, இருபது வருடம் எடுத்துக்கொள்கிற நோய் இது. அத்தனை வருடம் நமக்கு அவகாசம் கொடுக்கிறது.

இங்கே போவதற்கு இடமே இல்லையா என்றால் இருக்கிறது. ஓசூர் ரோட்டில் கித்வாய், சிவாஜி நகரில் பௌரிங், கோஷா ஆஸ்பத்திரி, வார்டுகளில் நம்ம கிளினிக். ஆனால் வெளிநோயாளிப் பிரிவு நடக்கிற பகல் நேரம்தான் இவர்கள் மூன்று வீடு மாறுகிற நேரம். ஒரு நாள் போனால் மூன்று ஓனரம்மாவிடமும் லீவு கேட்க வேண்டும், எதற்கு என்று சொல்ல வேண்டும். சக்தி திட்டத்தில் பெண்களுக்குப் பஸ் இலவசம், ஆனால் கர்நாடக முகவரி வேண்டும். ஊர் ரேஷன் கார்டு போய்விடுமோ என்ற பயத்தில் ஆதாரை மாற்றாதவர்கள் அதிலும் டிக்கெட் எடுக்கிறார்கள்.

பிறகு பாஷை. காய் விலை பேச, லீவு கேட்க, வாடகைக்குத் தவணை சொல்ல இவர்களுக்குக் கன்னடம் நன்றாகவே வரும். உடம்பைச் சொல்ல வராது. நான் கூடப் போயிருந்த ஓர் ஆஸ்பத்திரியில், “பிளி செரகு ஹோகுத்தா?” என்று ஒரு நர்ஸ் கேட்டார். வெள்ளைப்படுகிறதா என்று அர்த்தம். செரகு என்றால் முந்தானை. என்னோடு வந்த பெண் குனிந்து தன் முந்தானையைப் பார்த்தாள், எங்கேயோ அழுக்கு பட்டுவிட்டது என்று நினைத்து அதைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, “இல்லை” என்று தலையாட்டினாள். நர்ஸும் ‘இல்லை’ என்று எழுதப்போனார். நான் குறுக்கே விழுந்து சொன்னேன். நான் இல்லாத நாட்களில் எத்தனை சீட்டில் அந்த ‘இல்லை’ ஏறியிருக்குமோ.

இது நம் பெண்களுக்கு மட்டும் உள்ள குறை என்று நினைக்க வேண்டாம். கொரியாவில் இருபது வயதிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை அரசே இந்தப் பரிசோதனைக்கு அழைக்கிறது. அதே கொரியப் பெண்கள் அமெரிக்காவில் குடியேறிய பிறகு, அங்குள்ள மற்றப் பெண்களைவிடக் குறைவாகவே செய்துகொள்கிறார்கள் என்று அங்கே பல ஆய்வுகள் வந்திருக்கின்றன. காரணங்களைப் படித்துக் காட்டினாள் மகள்: வலி இல்லையே, ஆண் டாக்டராக இருந்தால் என்ன செய்வது, ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது, காப்பீடு இல்லை, அடுத்த முறை கொரியாவுக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். கடல் தாண்டிப் போனவளும் ஓசூர் தாண்டி வந்தவளும் ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள்.

இன்னொரு பயத்தை எல்லோரும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். “அது தப்பு பண்றவங்களுக்கு வர்றதாமேக்கா?” இல்லை. எச்.பி.வி. என்ற அந்த வைரஸ் தாம்பத்தியத்தில் தொற்றுவது, உலகத்தில் பெரும்பாலான ஆண் பெண்களுக்கு எப்போதாவது வந்து போவது. பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் தானே மறைந்துவிடும். சிலருக்கு மட்டும் தங்கிப்போகிறது. புருஷன் ஒருத்தனைத் தவிர வேறு யாரையும் அறியாதவளுக்கும் வரும். இதை ஆண்களிடம் ஆண்கள் யாராவது சொன்னால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.

நானும் போனேன். மேசையில் படுத்தபோது எஃகுக் கருவி சில்லென்று இருந்தது. உடனே ஊறுகாய் வாசனை. வினிகரில் இருக்கிற அதே அமிலம்தான் அது, நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு. பஞ்சில் நனைத்துக் கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று விளக்கில் பார்க்கிறார்கள். புற்றாக மாறாத திட்டு என்றால் சூட்டாலோ குளிராலோ பெரும்பாலும் அப்போதே அழித்துவிட முடியும். எனக்கு வலிக்கவில்லை, கூச்சம்தான். ஒரு ரவிக்கைக்கு ஹூக் கட்டி முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அந்தப் பர்கூர் அக்காவிடம் நான் இதைச் சொல்லியிருக்கலாம், எனக்கே அன்று தெரியாது.

கூச்சமும் வேண்டாம் என்றால் அதற்கும் வழி வந்துவிட்டது. எச்.பி.வி. வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க, பஞ்சுக் குச்சியால் ஒரு பெண் தானே திரைக்குப் பின்னால் தன் மாதிரியை எடுத்துக் கொடுக்கலாம். உலக சுகாதார நிறுவனம் இதை ஏற்றிருக்கிறது, ஆஸ்திரேலியாவில் 2022-லிருந்து பரிசோதனைக்கு உரிய எல்லாப் பெண்களும் இப்படிச் செய்துகொள்ளலாம். என் கடைத் திரை அளவுக்கு ஒரு திரை போதும். பெங்களூருவின் ஒவ்வொரு வார்டிலும் இதைக் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறேன். முகவரி கேட்காமல், சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும், தமிழும் தெலுங்கும் தெரிந்த ஒரு பெண்ணை உட்கார வைத்துக் கொடுக்க வேண்டும். இரண்டு மாநில அரசுகளும் காவிரிக்காக எத்தனையோ தடவை உட்கார்ந்து பேசியிருக்கின்றன. இரண்டு கணக்கிலும் விழாத இந்தப் பெண்களின் பெயர்ப் பட்டியலுக்காக ஒரு தடவை பேசட்டும்.

அடுக்ககங்களில் இருப்பவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் கிளப் ஹவுஸில் உடல்நல முகாம் போடும்போது நாற்காலியைத் துடைத்துப் போடுகிறவளையும் அதில் ஒன்றில் உட்காரச் சொல்லுங்கள். ஊருக்குப் போனால் தரும் லீவில் அரை நாளை இங்கே இருக்கும்போதே சம்பளத்தோடு கொடுங்கள். எதற்கு என்று கேட்காதீர்கள்.

செவ்வாய்க்கிழமை என் கடைக்கு விடுமுறை. வரும் செவ்வாய்க்கு என்னோடு பரிசோதனைக்கு வர ஐந்து பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ஒருத்தி மட்டும் ஓனரம்மாவிடம் கேட்கப் பயப்படுகிறாள். போன் நம்பர் வாங்கியிருக்கிறேன், இன்று ராத்திரி நானே பேசப்போகிறேன்.