முறிந்த மணமும் முறியாத நியமனமும்

ஆயுள் காப்பீட்டு பாலிசி எடுக்கும் நாளில் படிவத்தில் எழுதப்படும் ஒரு பெயர், பல ஆண்டுகளுக்குப் பிறகு இரண்டு குடும்பங்களை நீதிமன்ற வாசலில் நிறுத்திவிடுகிறது. மனைவியை நாமினியாகக் குறிப்பிட்ட ஒருவர் பின்னர் விவாகரத்துப் பெறுகிறார், மறுமணமும் செய்துகொள்கிறார். பிரீமியம் தவறாமல் செலுத்தப்படுகிறது. பெயர் மட்டும் மாற்றப்படுவதில்லை. அவர் இறந்தால் அந்தப் பணம் யாருக்கு? இந்தக் கேள்விக்கு நம் நாட்டுச் சட்டத்தில் தெளிவான பதில் இல்லை.

1938-ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 39-வது பிரிவு நியமனம் பற்றிப் பேசுகிறது. நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ள அதிகாரம் பெற்றவர் மட்டுமே, உரிமை சட்டப்படியான வாரிசுகளுக்கே என்று 1983-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் மனைவி, தாய், மகன், மகள் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகள். இரு மணங்களிலும் பிறந்த குழந்தைகளுக்குச் சம பங்கு உண்டு. விவாகரத்தான மனைவிக்குப் பங்கு இல்லை. ஆகவே, நாமினி என்ற முறையில் அவர் பணத்தைப் பெற்றாலும் வாரிசுகளுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவராக இருந்தார்.

இந்த நிலையை மாற்றியது 2015-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம். பணத்தைப் பெற்றுத் தருபவர், பணத்துக்கே உரியவர் என நாமினிகளை இரு வகையாகப் பிரிக்க வேண்டும் என்று சட்ட ஆணையம் 2004-இல் தனது 190-வது அறிக்கையில் பரிந்துரைத்திருந்தது. அதன் வழியில், பெற்றோர், வாழ்க்கைத் துணை, குழந்தைகள் ஆகியோர் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம் என்று நாடாளுமன்றம் விதித்தது. இறந்தவரின் குடும்பம் ஆண்டுக்கணக்கில் அலையக்கூடாது என்ற நோக்கம் போற்றத்தக்கதே.

ஆனால், வாழ்க்கைத் துணை என்பது நியமித்த நாளில் துணையாக இருந்தவரையா, இறந்த நாளில் துணையாக இருந்தவரையா? சட்டம் மௌனம் சாதிக்கிறது. விவாகரத்தால் நியமனம் ரத்தாகும் என்றும் அது கூறவில்லை. திருத்தத்துக்குப் பிறகும் குழப்பம் தீரவில்லை. புதிய விதி வாரிசுரிமைச் சட்டத்தை மீறிவிடாது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2025-இல் கூறியது. இதற்கு மாறான தீர்ப்புகளும் வேறு உயர் நீதிமன்றங்களிலிருந்து வந்துள்ளன.

இதற்கிடையே, எழுத்துபூர்வமான அறிவிப்பு ஏதும் வராத நிலையில், பதிவேட்டில் உள்ளவருக்கு நல்லெண்ணத்துடன் பணத்தை வழங்கிவிட்டால் காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பு முடிந்துவிடுகிறது. கணவரை இழந்த பெண்தான் வழக்குத் தொடுக்க வேண்டும். தீர்ப்பு வருவதற்குள் பணம் செலவாகியிருக்கலாம்.

தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிக்கான 1952-ஆம் ஆண்டுத் திட்டத்தில், குடும்பம் இல்லாதபோது செய்த நியமனம், குடும்பம் அமைந்ததும் செல்லாததாகிவிடும். வாழ்க்கை மாறும்போது நியமனமும் மாற வேண்டும் என்பதை அங்கே ஏற்ற அரசு, ஆயுள் காப்பீட்டில் மட்டும் ஏன் தயங்க வேண்டும்?

தானாக ரத்தாவது முதல் மனைவிக்கு அநீதியாகாதா என்ற கேள்வியும் நியாயமானதே. குழந்தைகளை வளர்ப்பவர் அவராக இருக்கலாம். ஜீவனாம்ச உடன்பாட்டின்படியே அவர் பெயர் நீடித்திருக்கலாம். எனவே, விவாகரத்துத் தீர்ப்பில் நீதிமன்றம் வேறுவிதமாகக் கூறினாலோ, பாலிசிதாரர் பின்னர் எழுத்துமூலம் உறுதி செய்தாலோ அன்றி, துணையின் நியமனம் ரத்தாகும் என்று சட்டம் திருத்தப்பட வேண்டும். குழந்தைகளின் நியமனம் எந்நிலையிலும் தொடப்படக்கூடாது. காப்பீட்டுப் பத்திரங்களின் நிலையைக் குடும்ப நீதிமன்றங்கள் விசாரணையின்போதே கேட்டறிவதும் அவசியம்.

அதுவரை, விவாகரத்துப் பெற்றவர்கள் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்துமூலம் தெரிவித்துப் பெயரை மாற்றிப் பதிவு செய்வதே பாதுகாப்பு. 1874-ஆம் ஆண்டு மணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டத்தின்கீழ் எடுத்த பாலிசி மட்டும் வேறு வகை. அது மனைவி, மக்களுக்கான அறக்கட்டளையாகிவிடுவதால் கணவர் தம் விருப்பப்படி மாற்ற இயலாது.

இறந்தவர் எதை விரும்பினார் என்பதை அவரிடம் இனிக் கேட்க முடியாது. அவர் மறந்துபோன ஒரு கையெழுத்துக்கான விலையை அவருடைய குழந்தைகள் கொடுக்கும் நிலையை நாடாளுமன்றம் இனியும் நீடிக்கவிடக்கூடாது.