காளானை விடுங்கோ, மண்ணைச் சோதியுங்கோ

மாரி தொடங்கினால் திருகோணமலையில் இரண்டு கட்சி கிளம்பும். ஒரு கட்சிக்குக் காட்டுக் காளான் அமிர்தம்: "உரமில்லை, மருந்தில்லை, சுத்தமான இயற்கைச் சாப்பாடு." மற்றக் கட்சிக்கு அது நஞ்சு: "ஏன் வீண் வில்லங்கம், தொடாதேங்கோ." இரண்டு கட்சியோடும் எங்களுக்குச் சண்டை இருக்கு. இரண்டுமே காளானைத்தான் பார்க்கின்றன. அது முளைத்த மண்ணை ஒருவரும் பார்ப்பதில்லை.

காளான் மரக்கறி இல்லை. நாங்கள் பிடுங்குவது அதன் குடையை மட்டும்தான். உடம்பு முழுக்க மண்ணுக்குள் நூல் நூலாகப் பரவிக் கிடக்கு. அந்த நூல்கள் அமிலங்களைச் சுரந்து மண்ணைக் கரைத்து உறிஞ்சுகின்றன. பொட்டாசியம், செப்பு, நாகம், செலனியம் எல்லாம் அப்படித்தான் காளானுக்குள் வருகின்றன. இதைத்தான் "சத்து" என்று புகழ்கிறோம். ஆனால் அதே வாசலால்தான் கட்மியமும் ஈயமும் பாதரசமும் உள்ளே வரும். சில இனங்கள் சுற்றியுள்ள மண்ணில் இருப்பதைவிடப் பல மடங்கு கட்மியத்தைத் தங்களுக்குள் சேர்க்கும். அதுவும் நாங்கள் ஆசையாகச் சாப்பிடும் குடைப் பகுதியில்தான் கூடுதலாகச் சேரும். ஆகவே "இயற்கை" என்ற சொல் ஒன்றுக்கும் உத்தரவாதம் இல்லை. மண் நல்லதென்றால் காளானும் நல்லது. மண் கெட்டதென்றால் அதை முதலில் சாப்பிடுவதும் காளான்தான்.

மஞ்சள் போட்டு அவித்தால் சரி, வெள்ளிக்காசு கறுக்காவிட்டால் சரி என்பார்கள். நச்சுக் காளானையே அந்தச் சோதனை பிடிக்காது, உலோகத்தை எப்படிப் பிடிக்கும்? உலோகம் நெருப்பில் எரிந்து போகாது. அவித்த தண்ணியை ஊற்றினால் கொஞ்சம் குறையலாம், மிச்சம் கறியிலேயே நிற்கும்.

கணக்கு ஒன்று போடுவோம். காட்டுக் காளான் ஒரு கிலோவில் 0.5 மில்லிகிராம் கட்மியத்துக்கு மேல் இருந்தால் ஐரோப்பிய ஒன்றியம் அதைச் சந்தையில் விற்க விடாது. அந்த எல்லையில் நிற்கும் காளான் 100 கிராமில் 50 மைக்ரோகிராம் இருக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு ஒருவருக்கு வாரத்துக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 2.5 மைக்ரோகிராம் என்று அளவு வைத்திருக்கு. 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது சரியாக 50. அதாவது ஒரு சின்னக் கிண்ணம் கறியோடு அந்த வாரத்துப் பங்கு முடிந்தது. சோற்றிலும் கீரையிலும் இருப்பதை இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. உடம்புக்குள் போன கட்மியம் சிறுநீரகத்தில் 10, 20 வருடம் குந்தியிருக்கும். ஈயத்துக்கோ பாதுகாப்பான அளவு என்று ஒன்றே கிடையாது.

இப்ப எங்கட மண்ணுக்கு வருவோம். உலகத்தின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று எங்களுடையது என்று பாடப்புத்தகம் பெருமைப்படும். அந்தப் பெருமையோடு வந்தவையையும் எண்ணிப் பாருங்கோ. கப்பலின் அடிப்பக்கத்துக்குப் பூசும் செப்புக் கலந்த பெயின்ட். சீனக்குடாவில் சீமெந்து ஆலை. காட்டுக்குள் வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன எண்ணெய்க் குதங்கள். அந்தக் காலத்து இரும்புக்கு ஈயப் பெயின்ட் அடிப்பது உலக வழக்கம். 2002 வரைக்கும் இலங்கையில் ஓடிய பெற்றோலில் ஈயம் இருந்தது. அது வீதியோர மண்ணில் படிந்தால் லேசில் போகாது. இதற்குமேல் 30 வருட யுத்தம், அது கொட்டிய ரவைகள், செல்கள்.

இதனால் எங்கட காளானில் நஞ்சு இருக்கு என்று நாங்கள் சொல்லவில்லை. இருக்கா இல்லையா என்று கேட்பதற்கு இவ்வளவு காரணம் கிடக்கு என்கிறோம். 2022 ஜனவரியில் 99 குதங்களையும் 14, 24, 61 என்று பங்கு பிரித்த கணக்கு ஊருக்கே தெரியும். குதத்துக்குக் கீழே இருக்கிற மண்ணின் கணக்கு எந்தச் சந்தியில் ஒட்டியிருக்கு?

பரிசோதிக்கத் தெரியாத நாடு இல்லை இது. ஐரோப்பாவுக்குப் போகும் வாள்மீனிலும் சூரையிலும் கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் இருக்கக்கூடாது. அதனால் ஏற்றுமதி மீனுக்கு ஆய்வுகூடம் இருக்கு, சான்றிதழ் இருக்கு. வெளிநாட்டான் தட்டுக்கு ஒரு தராசு. விறகு பொறுக்கப் போன இடத்தில் புற்றுக் காளான் கண்டு மடியில் கட்டிவரும் அம்மாவின் சட்டிக்கு எந்தத் தராசு?

"பசித்தவன் சாப்பாட்டில் ஏன் பயத்தைப் போடுறீங்கள்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் பயத்தைப் போடுவது சோதனை இல்லை, அறியாமைதான். எந்த இடத்து மண் சுத்தம் என்று தெரிந்தால் அங்கே தைரியமாகப் பொறுக்கலாம். அது தெரியாத வரைக்கும் பணக்காரர் கடைக் காளானுக்கு மாறிவிடுவார், ஏழை அதே இடத்தில்தான் பொறுக்குவார்.

சம்பூரை மறக்காதேங்கோ. 2006 இல் துரத்தப்பட்டு வருடக்கணக்காய் முகாம்களில் கிடந்த சனத்தின் பக்கத்தில் 500 மெகாவாட் நிலக்கரி அனல்மின் நிலையம் வரவிருந்தது. நிலக்கரிச் சாம்பலில் பாதரசமும் ஆர்சனிக்கும் இருக்கும். ஊர்ச் சனம் தெருவில் இறங்கியது, வழக்கும் உயர் நீதிமன்றம் வரை போனது. 2016 செப்டெம்பரில் அந்தத் திட்டத்தைத் தொடரப்போவதில்லை என்று அரசாங்கம் நீதிமன்றத்தில் சொன்னது. இன்றைக்கு அங்கே சூரிய மின்சாரத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். மண்ணில் என்ன விழப்போகுது என்று முன்கூட்டியே கேட்டதால் கிடைத்த வெற்றி அது. ஏற்கெனவே என்ன விழுந்திருக்கு என்பதுதான் இப்ப மிச்சமுள்ள கேள்வி.

கேட்பதற்கு வழியும் இருக்கு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடமும் பிரதேச சபையிடமும் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். தருவதா இல்லையா என்று அவர்கள் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். துறைமுகத்தைச் சுற்றிய மண்ணில் ஈயம், கட்மியம், பாதரசம் பரிசோதித்தீர்களா? எப்போது, எங்கே, எவ்வளவு? பரிசோதிக்கவில்லை என்றால் அதையே எழுத்தில் தாருங்கள். கோணேசபுரியில் பல்கலைக்கழக வளாகம் இருக்கு. அங்கே படிக்கிறவர்களும் இந்த மாரிக்கு ஆளுக்கு ஒரு பை மண் அள்ளலாம்.

அதுவரை வீதியோரம், குப்பைமேடு, பழைய இரும்பு கிடக்கும் காணி, ஆலை மதில் ஓரம் ஆகிய இடங்களில் முளைத்த காளானைத் தொடாதேங்கோ. நிச்சயமாக இனம் தெரியாத காளானை எங்கே முளைத்திருந்தாலும் தொடாதேங்கோ. இது நாங்கள் ஒவ்வொருவரும் செய்யக்கூடிய கவனம். ஆனால் மண்ணைச் சோதித்து, முடிவைத் தமிழில் எழுதி ஊருக்குள் ஒட்டுவது எங்கட வரிப்பணத்தில் சம்பளம் எடுப்பவர்களின் வேலை. அந்த வேலையையும் சேர்த்து அம்மாவின் மூக்கிடமும் மஞ்சள் டப்பாவிடமும் ஒப்படைத்துவிட்டு அவர்கள் சும்மா இருக்க முடியாது.